சிரிப்பு மேடை – 14: சேகண்டி அடித்தால் இறங்கிவிட வேண்டும்

சென்ற அத்தியாயம் மியூசிக் ஹால்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட 1950-களோடு நின்றது. அங்கே பிழைப்பை இழந்த நகைச்சுவையாளர்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், கதையை 1979 மே 19-ஆம் தேதிக்கு நகர்த்த வேண்டியிருக்கிறது. அன்று சனிக்கிழமை. லண்டன் சோஹோவில், டீன் தெருவின் 69-ஆம் எண் கட்டடம். ஆடை அவிழ்ப்பு நடனத்துக்குப் பேர்போன இடம். குட்டி லிஃப்டில் மேலே போனால், ஒரு காலத்தில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடிக் குடித்த கார்கோயில் கிளப். அந்த அறையில் அன்றிரவு 'காமெடி ஸ்டோர்' திறக்கப்பட்டது.

பீட்டர் ரோசன்கார்ட் ஆயுள் காப்பீடு விற்பவர். முந்தைய ஆண்டு விடுமுறைக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது அங்கிருந்த காமெடி ஸ்டோரைப் பார்த்து அசந்துபோய், அதே போல் ஒன்றை லண்டனில் தொடங்க ஆசைப்பட்டார். இடம் கொடுத்தவர் டான் வார்ட். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம், எடுபடாதவரை அவையே இறக்கிவிடலாம் என்பது ஏற்பாடு. அதற்காக மேடையில் ஒரு சேகண்டி வைத்திருந்தார்கள். கூட்டம் கத்தத் தொடங்கியதும் தொகுப்பாளர் அதை ஓங்கி அடிப்பார். அடித்துவிட்டால் பேசிக்கொண்டிருப்பவர் இறங்கிவிட வேண்டும்.

அந்தத் தொகுப்பாளர் அலெக்ஸி சேல். லிவர்பூலைச் சேர்ந்த கம்யூனிஸ்டுத் தம்பதியின் மகன், ஓவியக் கல்லூரியில் படித்தவர், விளம்பரம் பார்த்து வேலைக்கு வந்தவர். இறுக்கமான கோட்டு, மொட்டையடித்த தலை, மூச்சு விடாத வசவு. அந்தக் குரலில்தான் ஆங்கில நகைச்சுவையின் ஒரு சகாப்தம் முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று அவருடைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். முடியவே இல்லை என்பார்கள் மறுதரப்பினர். இரு கூட்டமும் ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் ஒரு வழக்கை இன்னும் நடத்திக்கொண்டிருக்கின்றன. மார்கரெட் தாட்சர் பிரதமரான பதினைந்தாம் நாள் காமெடி ஸ்டோர் திறந்தது தற்செயல்தான். ஆனால் அந்த வழக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் தற்செயலின் நிழல் விழுந்திருக்கிறது.

மறுதரப்பு எங்கிருந்து வந்தது? மியூசிக் ஹால் போனபின் நகைச்சுவைக்கு அடைக்கலம் தந்தவை தொழிலாளர் கிளப்புகள். 1862-ல் ஹென்றி சோலி என்ற பாதிரியார் தொடங்கிய ஒன்றியத்தின் கீழ், 1970-களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் இருந்தன. சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் உறுப்பினர் சந்தா கட்டி, தாங்களே நடத்திய இடங்கள். மலிவு விலை பீர், பிங்கோ, பாட்டு, நடுநடுவே ஒரு நகைச்சுவையாளர். பிங்கோவுக்கு நேரமாகிவிட்டால் கலைஞர் பாதியில் நிறுத்த வேண்டும். எதிரே இருப்பவர்கள் ஒரு வாரம் உடம்பு நோக உழைத்துவிட்டு வந்தவர்கள். பத்து நொடிக்குள் சிரிப்பு வரவில்லையென்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள். சேகண்டியைவிடக் கொடுமையான தண்டனை அது. அந்த நெருப்பில் வெந்து தேறியவர்களின் தொழில்திறனைக் குறைத்து மதிப்பிட்டவர்கள், சேலின் ரசிகர்களில் நிறையப் பேர். அவர்களுடைய பெரிய பிழை அது.

1971-ல் கிரானடா தொலைக்காட்சியின் ஜானி ஹாம்ப் இந்தக் கிளப்புகளிலிருந்து ஆட்களைத் திரட்டி 'தி காமெடியன்ஸ்' நிகழ்ச்சியைத் தயாரித்தார். பெர்னார்ட் மேனிங், ஃபிராங்க் கார்சன், சார்லி வில்லியம்ஸ், கென் குட்வின் எனப் பலர் அவையின் முன் பேசியதைப் படம்பிடித்து, ஒருவர் ஜோக் முடிந்ததும் அடுத்தவர் ஜோக் என்று வெட்டி ஒட்டினார்கள். நிகழ்ச்சி பெரும் வெற்றி பெற்றது. கிளப் கிளப்பாக ஊர் சுற்றி ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த இருபது நிமிடச் சரக்கைத் தொலைக்காட்சி சில வாரங்களில் தின்று தீர்த்தது. அதன் பிறகு ஒருவர் சொன்னதையே இன்னொருவர் சொல்வது கண்கூடாகத் தெரியத் தொடங்கியது. கிளப் உலகில் ஜோக்குக்குச் சொந்தக்காரர் கிடையாது. நாட்டுப்புறக் கதை போல வாய்க்கு வாய் போகும். யார் சொன்னது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எப்படிச் சொன்னார் என்பதுதான் கேள்வி.

அந்தப் பொதுச் சொத்தில் மாமியார் ஜோக், குடிகாரன் ஜோக் ஆகியவற்றோடு அயர்லாந்துக்காரர் ஜோக், கறுப்பர் ஜோக், பாகிஸ்தானியர் ஜோக் எல்லாம் இருந்தன. காலத்தையும் பார்க்க வேண்டும். குடியேறிகளுக்கு எதிராக அரசியல்வாதி ஈனாக் பவல் பேசியது 1968-ல். உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டிய ஆசியர்கள் ஏறக்குறைய 28 ஆயிரம் பேர் பிரிட்டனில் வந்திறங்கியது 1972-ல். தெருவில் தீவிர வலதுசாரிக் கட்சியான நேஷனல் ஃபிரண்டின் ஊர்வலம், வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஜோக். திங்கள்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் அந்த ஜோக்கைக் கேட்டது யார் என்று யோசித்தால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற விவாதத்தின் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சார்லி வில்லியம்ஸ் இதில் தனிக்கதை. தந்தை பார்படோஸ்காரர். யார்க்‌ஷயரில் பிறந்து, சுரங்கத்தில் வேலை செய்து, டாங்காஸ்டர் ரோவர்ஸ் அணியில் பத்தாண்டுக்கு மேல் கால்பந்து ஆடியவர். கறுப்பரான அவர், சுத்தமான யார்க்‌ஷயர் பேச்சில் தன் தோலின் நிறத்தையே வைத்து ஜோக் சொல்வார். சிரிக்காவிட்டால் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிடுவேன் என்று அவையை மிரட்டுவது அவருடைய வழக்கம். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அது வெறுப்பை மழுங்கச் செய்த சிரிப்பா, வெறுப்புக்கு ஒத்துப்போன சிரிப்பா? ரசிகர்கள் இரண்டையும் சொல்வார்கள். அவரைப் பார்த்துத்தான் தங்களுக்கும் மேடையில் இடமுண்டு என்ற நம்பிக்கை அடுத்த தலைமுறைக் கறுப்பினக் கலைஞர்களுக்கு வந்தது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

சோஹோவுக்குத் திரும்பலாம். காமெடி ஸ்டோர் திறந்த அதே ஆண்டில் டோனி ஆலனும் சேலும் இன்னும் சிலரும் சேர்ந்து 'ஆல்டர்நேடிவ் காபரே' என்ற குழுவைத் தொடங்கி, லாட்புரோக் குரோவ் பகுதியில் எல்ஜின் என்ற மதுக்கடையில் நிகழ்ச்சி நடத்தினார்கள். மாற்று நகைச்சுவை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இங்கிருந்துதான். இனவெறி ஜோக்கும் பெண்களை இழிவு செய்யும் ஜோக்கும் கூடாது என்பது எழுதாத சட்டம். அடுத்தவர் ஜோக்கைச் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது சட்டம். விவாதங்களில் முதல் சட்டத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் நகைச்சுவைத் தொழிலைத் தலைகீழாகத் திருப்பியது இரண்டாவது சட்டம். சொந்தச் சரக்குத்தான் என்றதும், சொல்பவர் தன் வாழ்க்கையையும் தன் கோபத்தையும் தன் அச்சத்தையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கிளாஸ்கோவைச் சேர்ந்த யூதரான ஆர்னால்ட் பிரவுன், கணக்காளராக இருந்து நடுவயதில் மேடைக்கு வந்தவர். குரலை உயர்த்தாமல், தயங்கித் தயங்கிப் பேசுவார். தொழிலாளர் கிளப்பில் அவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. மாற்று மேடை அவரைத் தாங்கியது. 1987-ல் எடின்பரோ விழாவின் பெரியர் விருது அவருக்குக் கிடைத்தது.

1980 அக்டோபரில் பீட்டர் ரிச்சர்ட்சன் காமெடி ஸ்டோரிலிருந்து ஒரு குழுவைப் பிரித்துக்கொண்டு போய், ரேமண்ட் ரெவ்யூபார் கட்டடத்தில் 'காமிக் ஸ்டிரிப்' தொடங்கினார். சேல், ரிக் மேயல், ஏட்ரியன் எட்மன்ட்சன், நைஜல் பிளானர் அங்கே போனார்கள். பிறகு டான் ஃபிரெஞ்ச், ஜெனிஃபர் சாண்டர்ஸ் இருவரும் சேர்ந்தார்கள். பெண்களை மேடையில் ஆடையின்றி நிறுத்தியே சம்பாதித்த கட்டடத்தில் இரண்டு பெண்கள் நின்று தாங்கள் எழுதியதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்கள். தொழிலாளர் கிளப் ஒன்றியம் பெண்களுக்குச் சம உறுப்பினர் உரிமை கொடுத்தது 2007-ல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி வழக்குக்கு வருவோம். பழைய நகைச்சுவையின் ரசிகர்கள் சொல்லும் குற்றச்சாட்டுகளில் கனமானது ஒன்று உண்டு. மாற்று மேடையில் சிரிப்பைவிடக் கைதட்டல் அதிகம் என்பார்கள். தாட்சர் பெயரைச் சொல்லித் திட்டினால் ஒத்த கருத்துள்ள கூட்டம் தட்டும். அது ஆமோதிப்பு, சிரிப்பு அல்ல. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் லண்டனின் மாற்றுக் கலைஞர்கள் இரவு இரவாகப் பேசினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே சுரங்க ஊர்களின் கிளப்புகளில் வெள்ளிக்கிழமை இரவு யாருக்குக் கூட்டம் சேர்ந்தது என்று கேட்பார்கள் இவர்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பழைய ஆட்களுக்குத்தான். மாற்று மேடையின் மேயல், எட்மன்ட்சன், பென் எல்டன் மூவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஃபிரெஞ்சும் சாண்டர்ஸும் நாடகப் பள்ளி மாணவிகள். படித்த நடுத்தர வர்க்கம் உழைக்கும் வர்க்கத்தின் பொழுதுபோக்கை அறியாமை என்று ஒதுக்கியது என்ற மனக்காயம் வடக்கு இங்கிலாந்தில் இன்னும் ஆறவில்லை.

கென் டாட் என்ற பெயரையும் அவர்கள் தவறாமல் எடுத்து வீசுவார்கள். லிவர்பூலைச் சேர்ந்த டாட் 1965-ல் லண்டன் பலேடியத்தில் 42 வாரம் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தியவர். நள்ளிரவு தாண்டியும் விடமாட்டார். கடைசிப் பேருந்து போய்விடும், கூட்டம் உட்கார்ந்திருக்கும். எந்த ஊரில் எந்த ஜோக் எடுபட்டது, எது விழுந்தது என்று நோட்டுப் போட்டுக் குறித்துவைத்தவர். யாரையும் புண்படுத்தாமல், பாட்டியும் பேரனும் சேர்ந்து சிரிக்கும்படி மணிக்கணக்கில் ஒரு அவையைக் கட்டிப்போடுவது எளிதான வேலை என்று நினைப்பவர்கள் முயன்று பார்க்கலாம். லெஸ் டாசனும் அப்படித்தான். மாமியார் ஜோக் அவரிடமும் உண்டு. ஆனால் அதைச் சுற்றி அவர் அடுக்கும் அலங்காரமான நீண்ட வாக்கியங்களை மாற்றுத் தரப்பின் ரசிகர்களே நின்று கேட்பார்கள்.

மாற்றுத் தரப்பின் வலுவான வாதம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது. அதற்கு மறுதரப்பு இன்றுவரை நல்ல பதில் சொன்னதில்லை. எல்லோரையும்தான் கேலி செய்கிறோம் என்பார் மேனிங். மான்செஸ்டரின் ஹார்பர்ஹேயில் எம்பசி கிளப்பைச் சொந்தமாக நடத்தி, கடைசிவரை அங்கேயே பேசியவர். நேரம் பிடித்து ஜோக்கை இறக்குவதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு என்று எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். 1995-ல் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' நிகழ்ச்சி ஒரு ரகசியப் பதிவை ஒளிபரப்பியது. போலீஸ்காரர்கள் கலந்துகொண்ட ஒரு நிதி விருந்தில் மேனிங் பேசுகிறார். அவையில் ஒரு கறுப்பினப் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குறிவைத்து இனவெறி ஜோக் வந்துகொண்டே இருக்கிறது. சுற்றியிருக்கும் சக போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி கேலி செய்வதாகச் சொன்ன வாதம் அந்த அறையில் உடைந்தது. எல்லோரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கவில்லையே.

இந்த இரண்டு முகாம்களில் எதிலும் அடங்காதவர்கள்தான் வரலாற்றை எழுதுபவருக்குச் சிக்கல். கிளைடு நதிக்கரைக் கப்பல்கட்டும் தளத்தில் பற்றவைப்புத் தொழிலாளியாக இருந்த பில்லி கானலி, நாட்டுப்புறப் பாட்டு மேடைகளில் பாட்டுக்கு நடுவே பேசிப் பேசி, பேச்சையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டவர். 1975-ல் பார்கின்சன் நிகழ்ச்சியில் தோன்றியபின் நாடே அவரை அறிந்தது. சொந்தக் கதை, சொந்த மொழி, அவிழ்ந்துகொண்டே போகும் நீண்ட விவரிப்பு. மாற்று நகைச்சுவையின் இலக்கணம் என்று பின்னால் சொல்லப்பட்டதெல்லாம் காமெடி ஸ்டோர் திறப்பதற்கு முன்பே அவரிடம் இருந்தது. விக்டோரியா உட் 1974-ல் 'நியூ ஃபேசஸ்' திறமைப் போட்டியில் வென்று வந்தவர். மாற்று மேடையின் தயவு இல்லாமல், தானே எழுதி, தானே பாடி, 1993-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 15 இரவுகள் அரங்கை நிறைத்தார்.

லென்னி ஹென்றியின் பயணம் இன்னும் கூர்மையானது. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு டட்லியில் பிறந்தவர், 1975-ல் பதினாறு வயதில் அதே 'நியூ ஃபேசஸ்' மேடையில் வென்றார். அதற்குப் பிறகு கிடைத்த வேலை, வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு பூசிப் பாடும் 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ' குழுவில். பூச்சு தேவைப்படாத ஒரே ஆளாக அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனான் அந்தப் பையன். அதன் வேதனையைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். காமிக் ஸ்டிரிப் கூட்டத்தோடு பழகியபின் தன்னையே கேலி செய்துகொள்ளும் ஜோக்குகளை விட்டார். தன் வீட்டுக் கதைகளையும் தன் தெரு மனிதர்களையும் பாத்திரங்களாக்கினார். 1984-ல் டான் ஃபிரெஞ்சைத் திருமணம் செய்துகொண்டார். மாற்று நகைச்சுவை என்ன சாதித்தது என்று கேட்பவர்களுக்கு, ஹென்றி தன் சரக்கை மாற்றிக்கொண்ட அந்தச் சில ஆண்டுகளைக் காட்டினால் போதும்.

1982 நவம்பர் 2-ஆம் தேதி சேனல் 4 தொடங்கிய முதல் இரவிலேயே காமிக் ஸ்டிரிப் குழுவின் படம் ஒளிபரப்பானது. அடுத்த வாரம் பிபிசி 2-ல் 'தி யங் ஒன்ஸ்'. மொத்தம் 12 பகுதிகள்தான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு இசைக்குழு வந்து பாடும். அப்படிச் செய்தால் பல்சுவை நிகழ்ச்சி என்ற கணக்கில் கூடுதல் நிதி கிடைக்கும் என்பது காரணம்! 1984-ல் வந்த ஒரு பகுதியில், எட்மன்ட்சனின் விவியன் பாத்திரம் நடுத்தர வர்க்கத்தின் செல்லத் தொடரான 'தி குட் லைஃப்' மீது பாய்ந்து வெளுத்து வாங்கும். வீட்டில் பெற்றோர் ஒரு அறையிலும் பிள்ளைகள் இன்னொரு அறையிலுமாகப் பிரிந்து சிரிக்கத் தொடங்கிய காலம் அது.

தொலைக்காட்சி வேறொரு பாடமும் கற்றுக்கொடுத்தது. 'சாட்டர்டே லைவ்', 'ஃபிரைடே நைட் லைவ்' நிகழ்ச்சிகளில் ஹாரி என்ஃபீல்ட் 'லோட்ஸாமனி' என்ற பாத்திரத்தைப் படைத்தார். கட்டுக் கட்டாகப் பணத்தை ஆட்டிக் காட்டும் பூச்சு வேலைக்காரன். தாட்சர் காலத்துப் பேராசையைக் கிழிக்க வந்த பாத்திரம். ஆனால் யாரைக் கிழித்தாரோ அவர்களே அதைக் கொண்டாடித் தங்கள் நாயகனாக்கிக்கொண்டார்கள். என்ஃபீல்ட் கடைசியில் 'காமிக் ரிலீஃப்' என்ற தொண்டு நிதி நிகழ்ச்சியில் அவனைச் சாகடித்தே தீர வேண்டியிருந்தது. கலைஞர் யாரைக் குறிவைத்தார் என்பதை அவை தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் என்ற இந்த உண்மையை, மாற்று ரசிகர்கள் தங்கள் வாதத்தில் போதுமான அளவு சேர்த்துக்கொண்டதில்லை.

1989-ல் பென்னி ஹில் நிகழ்ச்சியைத் தேம்ஸ் தொலைக்காட்சி நிறுத்தியது. அரைகுறை ஆடைப் பெண்களைத் துரத்தும் அந்த நகைச்சுவையைப் பென் எல்டன் ஒரு பேட்டியில் சாடியிருந்ததால், பழியெல்லாம் அவர் தலையில் விழுந்தது. இன்றும் பழைய ரசிகர்கள் மன்னிக்காத விஷயம் அது. 1971-ல் 2 கோடிக்கும் மேல் இருந்த ஹில்லின் பார்வையாளர்கள் 1989-ல் ஒரு கோடிக்கும் கீழே போயிருந்தார்கள், தயாரிப்புச் செலவோ ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பேட்டியால் சாய்கிற மரமல்ல அது. பிற்பாடு ஆண்ட்ரூ லாயிட் வெபரின் இசை நாடகத்துக்கு எல்டன் பாட்டெழுதியபோது, அவரைத் திட்டியவர்கள் மாற்று நகைச்சுவையின் ரசிகர்கள்.

1993 டிசம்பர் 10. ராப் நியூமனும் டேவிட் பேடீலும் வெம்ப்ளி அரீனாவில் மேடையேறினார்கள். 12 ஆயிரம் இருக்கைகளும் விற்றுப்போயின. பிரிட்டனில் நகைச்சுவைக்காக அந்த அரங்கம் நிறைந்தது அதுவே முதல்முறை. மதுக்கடை மாடியில் முளைத்த மாற்று நகைச்சுவைக்கு இனி எது மாற்று என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

பதினாறு ஆண்டுகள் கழித்து அதற்கு இரண்டு முகங்கள் கிடைத்தன. 2009-ல் பிபிசி ஒன்றில் மைக்கேல் மெக்கின்டயர், பிபிசி இரண்டில் ஸ்டூவர்ட் லீ. வீட்டு அலமாரியில் கிடக்கும் சாமான்களைப் பற்றிப் பேசியே பெரிய அரங்குகளை நிரப்புபவர் முன்னவர். ஒரே வாக்கியத்தை அவை எரிச்சலடையும்வரை திரும்பத் திரும்பச் சொல்லி, எரிச்சலைச் சிரிப்பாக்குபவர் பின்னவர். பழைய சண்டை புது ஆட்களோடு மறுபடி தொடங்கியது. மிகச் சிறந்த மேடை நகைச்சுவையாளர்கள் என்று சேனல் 4 வெளியிட்ட 2007-ஆம் ஆண்டுப் பட்டியலில் லீக்கு 41-ஆவது இடம் கிடைத்தது. அதையே தலைப்பாக வைத்து அவர் நடத்திய நிகழ்ச்சியில், மகனின் நகைச்சுவையைவிடக் கப்பல் பயணத்தில் தான் கேட்ட டாம் ஓகானரின் ஜோக்கே உயர்ந்தது என்று அவருடைய அம்மா மாறாமல் நிற்பார். ஓகானர் கணக்கு வாத்தியாராக இருந்து மேடைக்கு வந்த லிவர்பூல்காரர், பழைய பாணியின் பண்பான முகம். இந்த வழக்கைப் பற்றி மேடையில் சொல்லப்பட்டவற்றில் மிக நேர்மையான பகுதி அதுதான். அம்மாவை மட்டம் தட்டுவது போலத் தொடங்கி, ஓகானரின் கைத்திறனை மதிக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறார் லீ.

இன்னொரு கணக்கு வாத்தியார் இதே காலத்தில் வகுப்பறையை விட்டு மேடைக்கு வந்தார். இலங்கையிலிருந்து குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1978-ல் கிராலியில் பிறந்த ரோமேஷ் ரங்கநாதன். 'தி காமெடியன்ஸ்' ஜோக்குகள் யாரைக் குறிவைத்தனவோ, அந்த மாதிரிக் குடும்பத்தின் பிள்ளை. 2015-ல் 'ஏஷியன் ப்ரோவகேட்டர்' தொடருக்காக இலங்கை போனபோது, அங்கே உறவினர்களிடம் அவர்தான் விவரம் தெரியாத வெளிநாட்டுக்காரர். தாய் சாந்தியும் அந்தத் தொடரில் வந்து, மகனைவிட நன்றாகச் சிரிக்கவைத்தார். 2021 முதல் பிபிசியில் 'தி வீக்கஸ்ட் லிங்க்' வினாடி வினாவை நடத்துகிறார். சனிக்கிழமை மாலை, குடும்பங்கள் கூடிப் பார்க்கும் நேரம். இதைவிட வெகுஜனமான நாற்காலி பிரிட்டனில் அதிகம் இல்லை. அவர் மாற்றா, வெகுஜனமா என்று இப்போது ரசிகர்கள் கேட்பதுகூட இல்லை.

அமெரிக்காவில் இதே சண்டை லாஸ் ஏஞ்சல்ஸின் 'அன்-காபரே' மேடையில் வேறு வடிவம் எடுத்தது. நோட்டுப் புத்தகத்தோடு மேடையேறிய ஜனீன் கரோஃபலோவின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)